‘தொண்டைமான்’ என்பதைக் குடும்பப் பெயராக எழுதலாமா? பெயரின் வரலாறு அறிந்தோர் உதவுக

வல்லைவெளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் பிறந்து வளர்ந்த என் பேத்திக்கு அடுத்த மாதம் பதினெட்டு வயது நிறைவடைகிறது. அவளுடைய பத்திரங்களில் குடும்பப் பெயர் என்னும் இடத்தில் இதுவரை அவளுடைய தகப்பனாரின் பெயரே இருந்து வந்தது. தகப்பனாரின் பத்திரங்களிலோ அதே இடத்தில் அவருடைய தகப்பனாரின் பெயர் இருக்கிறது. ஒரே வீட்டில் வாழும் தந்தைக்கும் மகளுக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் இருப்பதைப் பள்ளிக்கூடத்திலும் விமான நிலையத்திலும் விளக்கி விளக்கி அவள் களைத்துப் போனாள். வயது வந்தவுடன் தலைமுறை தலைமுறையாக நிலைக்கக்கூடிய ஒரு பெயரைத் தெரிந்தெடுத்துப் பதிவு செய்ய விரும்புகிறாள்.

சென்ற வருடம் அவள் யாழ்ப்பாணத்திற்கு வந்திருந்தபோது, என் தாயாரின் பெட்டகத்தில் இருந்த பழைய காணி உறுதி ஒன்றின் கடைசிப் பக்கத்தைத் தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்துச் சென்றாள். அது 1928ஆம் ஆண்டு எழுதப்பட்ட உறுதி. அதில் என் தாயாரின் தகப்பனாருடைய பெயருக்குப் பின்னால் ‘தொண்டைமான்’ என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கண்ட நாள் முதலாக அவள் புதுக்கோட்டை அரசர்களைப் பற்றியும் மலையகத் தலைவர்களைப் பற்றியும் தேடித் தேடி வாசித்து, “நாங்கள் அவர்களுடைய வழியில் வந்தவர்களா? இந்தப் பெயரை நான் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்கிறாள்.

என் தாயார் தொண்டைமானாறு என்னும் ஊரில் பிறந்தவர். எங்கள் உறவினரில் எவரையும் தொண்டைமான் என்று அழைத்ததாக நான் கேட்டதில்லை. ஆனாலும் எழுத்தில் இருப்பதை இல்லையென்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. தொண்டைநாடு என்னும் பழைய நாட்டிலிருந்து வந்த பெயர் இது என்கிறார்கள். அப்படியானால் இதைச் சுமந்தவர்கள் எல்லோரும் அந்த நாட்டிலிருந்து வந்தவர்களா? பிள்ளைக்குத் தவறான ஒன்றைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கிறேன்.

கொக்குவில் ஆசிரியை எழுதியது:

ஐயா, நான் முப்பது வருடங்களுக்கு மேலாகத் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள். பெயரின் வடிவத்திலிருந்து தொடங்குகிறேன்.

சேரமான், அதியமான், மலையமான், தொண்டைமான் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இறுதியில் நிற்கும் ‘மான்’ என்பது ‘மகன்’ என்பதன் சுருக்கம் என்பதே அறிஞர் பலரும் ஏற்றுக்கொண்ட விளக்கம். ஆகவே தொண்டைமான் என்றால் தொண்டையர் குடியின் மகன், அதாவது அக்குடியின் தலைவன் என்று பொருள்படும். சங்கப் பாடல்களில் ‘தொண்டையர்’ என்னும் மக்கள் வேங்கடமலையோடு சேர்த்துப் பேசப்படுகிறார்கள். நாட்டைக் கொண்டு குடிக்குப் பெயர் வந்ததா, குடியைக் கொண்டு நாட்டுக்குப் பெயர் வந்ததா என்று பிரித்துக் கேட்பதில் பெரும் பயன் இல்லை. கிடைத்திருக்கும் மிகப் பழைய பாடல்களிலேயே இரண்டும் கைகோத்து நிற்கின்றன. அந்த நாட்டின் தலைநகர் காஞ்சிபுரம். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், சென்னை, வேலூர்ப் பகுதிகளும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பக்கமும் அதில் அடங்கியிருந்தன. பழைய கணக்கு அதை இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரித்துச் சொல்லும். சோழர் கைக்குப் போனபின் அதற்குச் சயங்கொண்ட சோழமண்டலம் என்று புதுப்பெயர் இட்டார்கள். என்றாலும் ‘தொண்டை நாடு சான்றோர் உடைத்து’ என்று நாம் பள்ளியில் படித்த வரியில் பழைய பெயரே நிலைத்தது.

இப்பெயரைச் சுமந்த முதல் மனிதர்களாக நமக்குக் கிடைப்பவர்கள் காஞ்சியை ஆண்டவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டியவனும் ஒரு தொண்டைமான். நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, புத்தம் புதியனவாக அடுக்கப்பட்டிருந்த வேல்களைப் பார்த்து அவர் பாடிய புறநானூற்றுப் பாடலை (95) உங்கள் பேத்திக்கு அவசியம் வாசித்துக் காட்டுங்கள். போரைத் தவிர்ப்பதற்காகப் பெண்ணொருவர் அரசவையில் நின்று சொன்ன சொல் அது. நான் கற்பித்த காலமெல்லாம் அந்தப் பாடலுக்கு ஒரு முழுப் பாடவேளையை ஒதுக்கி வைத்தேன்.

இளந்திரையனுக்கு அப்பெயர் வந்த கதையை உரையாசிரியர் நச்சினார்க்கினியர் சொல்லியிருக்கிறார். சோழனுக்கும் நாகக் கன்னிக்கும் பிறந்த பிள்ளைக்கு அடையாளமாகத் தொண்டைக் கொடியைக் கட்டிக் கடலில் விட்டார்கள் என்றும், திரை கொண்டுவந்து சேர்த்ததனால் அவன் திரையன் ஆனான் என்றும் அக்கதை போகிறது. தொண்டை என்பது கோவைக் கொடி. பழங்களின் சிவப்புக்காகப் புலவர்கள் அதைப் பெண்களின் இதழுக்கு உவமை சொன்னார்கள். மணிமேகலையில் இதற்கு நெருங்கிய கதை ஒன்று இருக்கிறது. நாகநாட்டு இளவரசி பீலிவளை தன் கைக்குழந்தையை மணிபல்லவத்தில் வைத்தே கம்பளச் செட்டியின் மரக்கலத்தில் ஏற்றி அனுப்புகிறாள். அந்த மணிபல்லவம் நமது நயினாதீவுதான் என்று கருதும் ஆய்வாளர் பலர் உண்டு. எனவே தொண்டைமான் என்னும் பெயருக்கும் நம் தீவுக் கடலுக்கும் இலக்கியத்தில் ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவு கதையின் உறவு. உங்கள் உறுதியில் இருக்கும் பெயருக்கு அதைச் சான்றாகக் காட்ட முடியாது.

சங்க காலத்துக்குப் பின்னால் நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது. பல்லவர் காஞ்சியில் அமர்ந்தபோது புலவர்கள் அவர்களையும் தொண்டையர் கோன் என்றும் தொண்டைமான் என்றும் பாடினார்கள். நாட்டை ஆள்பவன் எவனோ அவனுக்கு நாட்டின் பெயர் உரியதாயிற்று. அதன்பின் சோழர் தம் அதிகாரிகளுக்கும் படைத்தலைவர்களுக்கும் அதை விருதாக வழங்கினார்கள். இவர்களில் மிகப் புகழ் பெற்றவர், முதலாம் குலோத்துங்கனுக்காகக் கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமான். கலிங்கத்துப்பரணி கொண்டாடும் வீரர். காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயில் கல்வெட்டு அவரைச் சோழநாட்டு வண்டாழஞ்சேரி என்னும் ஊருக்கு உரியவராகக் காட்டுகிறது. கருணாகரன் என்பது இயற்பெயர். தொண்டைமான் என்பது மன்னன் கொடுத்த பட்டம். மிகப் பெரிய தொண்டைமானே தொண்டைநாட்டில் பிறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சந்நிதி வீதி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு நன்றி. நான் தொண்டைமானாற்றில் பிறந்து, இன்றும் அங்கேயே இருப்பவன் என்பதால் ஊரைப் பற்றி எழுதுகிறேன்.

நம் குடாநாட்டில் மலையில் பிறந்து கடலில் சேரும் ஆறு கிடையாது. தொண்டைமானாறு என்று நாம் சொல்வது, வலிகாமத்துக்கும் வடமராட்சிக்கும் இடையே உள்ளே நீண்டு கிடக்கும் கடல்நீரேரி வடகடலைச் சந்திக்கும் வாய். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் உயர்தர மாதிரி வினாத்தாள்களை வெளியிடும் வெளிக்கள நிலையத்தின் மூலமே பழக்கமாகியிருக்கும். எங்களுக்கு அது செல்வச் சந்நிதி முருகனின் தீர்த்தக்கரை. கோயிலுக்கு வருகிறவர்கள் கைகால் அலம்பும் அந்தத் தண்ணீருக்கே அரசன் ஒருவனுடைய பெயர் இருக்கிறது என்பதை நானும் வயது வந்தபின்தான் யோசித்துப் பார்த்தேன்.

ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை இதற்கு ஒரு காரணம் சொல்கிறது. கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் தானாக விளைந்த உப்பை ஏற்றிச் செல்வதற்குத் தொண்டைமான் என்னும் அரசன் இங்குள்ள அரசனிடம் அனுமதி பெற்று, மரக்கலங்கள் உள்ளே வரத்தக்கதாக வாய்க்காலை வெட்டி ஆழமாக்கினான், அதனால் ஆறு அவன் பெயரைப் பெற்றது என்பது அந்நூலின் கூற்று. பிற்கால வரலாற்று ஆசிரியர் சிலர், ஆசிரியை குறிப்பிட்ட கருணாகரத் தொண்டைமானே அவன் என்று பொருத்திக் காட்டினார்கள். உரும்பிராயில் இருக்கும் கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவரோடு சேர்த்துச் சொல்லும் வழக்கம் உண்டு. வைபவமாலை அந்த அரசனைப் பல நூற்றாண்டுகள் முந்திய உக்கிரசிங்கன் என்னும் அரசனின் காலத்தோடு சேர்க்கிறது. குலோத்துங்கன் காலமோ 1070இல் தொடங்கி அடுத்த நூற்றாண்டில் முடிகிறது. இரண்டையும் ஒன்றாக்கும்போது கணக்கு இடறுகிறது. நானாக இருந்தால் பிள்ளைக்கு வைபவமாலைக் கதையைக் கதை என்றே சொல்லுவேன்.

ஆனாலும் கதையின் உள்ளே இருக்கும் உப்பை நான் நம்புகிறேன். மழை முடிந்து வெயில் ஏறும்போது ஏரியின் ஓரங்களில் நீர் வற்றி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பதை எங்கள் வயதுக்காரர் எல்லோரும் கண்டிருக்கிறோம். கரையில் அள்ளக் கிடைக்கும் உப்பு, எதிரே தோணி ஓடும் தூரத்தில் தமிழகத்துக் கரை. அள்ளிச் செல்ல ஒருவர் வராமல் இருந்திருந்தால்தான் வியப்பு. இப்பொழுது ஏரியின் வாயிலே கதவுகள் வைத்த தடுப்பணை நிற்கிறது. கடல்நீர் உள்ளே புகாமல் தடுத்து, மாரி நீரை ஏரியில் தேக்கி, உட்புறக் கிணறுகளின் உவர்ப்பைக் குறைப்பது அதன் நோக்கம். உப்புக்காக வெட்டியதாகச் சொல்லப்படும் வாய், நல்ல தண்ணீருக்காக அடைக்கப்பட்டிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான், ஐயா. எங்கள் ஊரில் கோயில் நன்கொடைப் பட்டியல்களிலும் பள்ளிக்கூடப் பழைய இடாப்புகளிலும் தொண்டைமான் என்று பெயர் வைத்த ஒருவரையும் நான் கண்டதில்லை. இங்கே அப்பெயருக்கு உரியது தண்ணீர்தான்.

மலைநாட்டு மருமகன் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நுவரெலியாவில் மணம் முடித்தவன். மேலே சொல்லாமல் விட்ட பகுதியைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

பட்டம் குடும்பப் பெயராக உறைந்துபோன இடம் புதுக்கோட்டை. இராமநாதபுரத்துச் சேதுபதி மன்னரின் ஆதரவோடு இரகுநாதராயத் தொண்டைமான் 1686ஆம் ஆண்டளவில் அங்கே ஆட்சியைத் தொடங்கினார். சேதுபதி மணந்தது அவருடைய சகோதரியை. அன்று முதல் அந்த அரசு 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு இணைக்கப்படும் வரை, பட்டத்துக்கு வந்தவர் எல்லோருடைய பெயரின் முடிவிலும் தொண்டைமான் நின்றது. கடைசி மன்னர் இராசகோபாலத் தொண்டைமான். அவர்களுடைய நாடு காவிரிக்குத் தெற்கே இருந்தது என்பதையும், தொண்டைநாட்டிலிருந்து தம் முன்னோர் இறங்கி வந்ததாக அவர்களுடைய மரபு சொல்வதையும் சேர்த்து எண்ணினால், பெயர் தன் நாட்டைப் பிரிந்து எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பது விளங்கும்.

இலங்கையில் இப்பெயரை எல்லோருக்கும் தெரியச் செய்தவர் சௌமியமூர்த்தி தொண்டமான். அவர் 1913இல் இன்றைய சிவகங்கை மாவட்டத்து முனப்புதூரில் பிறந்தார். தகப்பனார் இங்கே தோட்டத்துக்கு வந்து உழைத்து உயர்ந்தவர். 1947இல் நுவரெலியாவிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த வருடமே வந்த பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருக்கு வாக்களித்த மக்களே நாடற்றவர்களாக ஆக்கப்பட்டார்கள். அந்த உரிமையை மீட்பதற்கு அவர் செலவழித்த காலத்தை எண்ணினால் ஒரு மனிதனின் முழு வாழ்நாள் ஆகும். 1999இல் காலமாகும் வரை அமைச்சராக இருந்தார். அவருக்குப் பின் பேரன் ஆறுமுகன், அந்தப் பேரனின் மகன் ஜீவன் என்று பெயர் இறங்கி வருகிறது. உங்கள் பேத்தி விரும்புகிற மாதிரியான குடும்பப் பெயர் என்றால் அதற்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. எழுத்தும் கவனிக்கத்தக்கது: அங்கே தொண்டைமான், இங்கே தொண்டமான். ஐகாரம் தேய்ந்த அந்த ஒலிதான் நம் ஊர்ப் பேச்சிலும் “தொண்டமனாறு” என்று வருகிறது.

தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலியிலும் (யாழ்ப்பாணத்தில் இருக்கும் நம் திருநெல்வேலி அல்ல) ஒரு குடும்பம் உண்டு. கோயில்களைப் பற்றி எழுதிய பாஸ்கரத் தொண்டைமான் பெயரின் முடிவில் அதை வெளிப்படையாக வைத்துக்கொண்டார். அவருடைய தம்பி, எழுத்தாளர் தொ. மு. சி. ரகுநாதன், அதையே முதலெழுத்துக்குள் அடக்கிவிட்டார். அந்தத் ‘தொ’ தொண்டைமான்தான். ஒரே வீட்டில் அண்ணன் விரித்து எழுதியதைத் தம்பி ஓரெழுத்தாகக் குறுக்கினார் என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி.

இத்தனை குடும்பங்களுக்கும் இடையே இரத்த உறவு இருந்தாக வேண்டும் என்பதில்லை. பட்டம் பல இடங்களில் பலருக்குக் கிடைத்தது. கிடைத்தவர்களுடைய பிள்ளைகள் அதை விடாமல் வைத்துக்கொண்டார்கள்.

பழைய உறுதி எழுதியது:

ஐயா, நான் நொத்தாரிசு ஒருவரிடம் இருபத்தாறு வருடம் எழுதுவினைஞராக வேலை செய்தவன். வரலாற்றைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்; எனக்குக் கடதாசியைப் பற்றித்தான் ஐயம்.

நீங்கள் எழுதியதில் இரண்டு விடயங்கள் என்னைத் தடுத்தன. முதலாவது, பேத்தி படம் எடுத்தது உறுதியின் கடைசிப் பக்கம். உறுதி கொடுத்தவருடைய பெயரும் வாங்கியவருடைய பெயரும் முதற்பக்கத்தில் வரும். கடைசிப் பக்கத்தில் வருவது கையொப்பமும் சாட்சிகளும். உங்கள் தாயாரின் தகப்பனார் அந்த உறுதியில் சாட்சியாக நின்றிருக்கக்கூடும். இரண்டாவது, நம் பக்கத்தில் ஒருவருடைய பெயருக்கு முன்னால் தகப்பனாரின் பெயர் வரும்; பெயருக்குப் பின்னால் குடும்பப் பெயர் எழுதும் வழக்கம் நமக்கு இருந்ததில்லை. ஆனால் சாட்சிகளின் பெயருக்குப் பின்னால் அவர்கள் இருக்கும் ஊரை எழுதுவது வழக்கம்.

ஆகவே தயவுசெய்து படத்தை விட்டுவிட்டு உறுதியையே கையில் எடுங்கள். மற்றச் சாட்சியின் பெயருக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அங்கே ஓர் ஊரின் பெயர் இருந்தால், உங்கள் பாட்டனார் பெயருக்குப் பின்னால் இருப்பதும் ஊர்தான். பழைய கடதாசிகள் ஓரத்தில் மடிந்தும் செல்லரித்தும் இருக்கும். வரியின் கடைசி இரண்டு எழுத்துக்கள் மடிப்புக்குள் போயிருப்பதை நான் நூறு தடவை கண்டிருக்கிறேன். விரிக்கும்போது மெதுவாக விரியுங்கள். மடிப்பில் உடைந்தால் எழுத்துப் போய்விடும்.

பெயர் மாற்றத்தைப் பொறுத்தவரை, கனடாவில் வயது வந்த ஒருவர் தம் விருப்பப்படி விண்ணப்பிக்கலாம். எதை எழுதினாலும் பிறந்த பெயர்ப் பதிவின் பிரதியைக் கட்டாயம் பத்திரப்படுத்தி வைக்கச் சொல்லுங்கள். பின்னொரு நாளில் இங்கே காணியோ முதுசமோ கைமாற்ற வேண்டி வந்தால், இன்னார்தான் இன்னார் என்று நிறுவுவதற்கு அந்தப் பிரதி இல்லாமல் ஒரு அடியும் நகராது. பெயரெழுத்து ஒன்று மாறியதால் வருடக்கணக்கில் இழுபட்ட குடும்பங்களை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கொக்குவில் ஆசிரியை எழுதியது:

எழுதுவினைஞர் ஐயா சொன்னது சரியான வழி. நான் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பட்டத்தால் வந்த பெயர் மனிதரை விட்டு ஊரில் போய் ஒட்டிக்கொள்வது நம் பக்கத்தில் புதிதன்று. காவிரிக்கு வடக்கே இருந்த மழநாட்டின் பெயரைக் கொண்டது மழவராயர் என்னும் பட்டம். மன்னார்ப் பக்கம் மழவராயன் கட்டையடம்பன் என்று ஓர் ஊரே இருக்கிறது. ஆட்கள் போனபின்னும் ஊர் அவர்களுடைய பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வல்லைவெளி எழுதியது:

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று மாலை பெட்டகத்தைத் திறந்து உறுதியை எடுத்தேன். எழுதுவினைஞர் ஐயா சொன்னபடியே என் தாயாரின் தகப்பனார் அதில் இரண்டாவது சாட்சி. முதலாவது சாட்சியின் பெயருக்குப் பின்னால் கெருடாவில் என்று ஊரின் பெயர் எழுதியிருக்கிறது. வலது ஓரத்து மடிப்பை என் மகன் ஒரு மெல்லிய தகட்டால் மெதுவாக நிமிர்த்தியபோது, ‘தொண்டைமான்’ என்பதற்குப் பக்கத்தில் மங்கலாக ‘ஆறு’ என்று இருந்தது. சேர்த்து எழுதாமல் பிரித்து எழுதிய கை அது.

இரவே பேத்தியோடு பேசினேன். முதலில் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். அரச குடும்பத்துப் பெயர் கைநழுவியது அவளுக்கு வருத்தம் என்று எண்ணி, வைபவமாலைக் கதையையும் உப்பையும் தடுப்பணையையும் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்டது வேறு. “அப்படியானால் உங்கள் பாட்டனார் தான் இருந்த ஊரைத்தானே தன் பெயருக்குப் பின்னால் எழுதினார்? நான் ஆற்றையும் சேர்த்தே எழுதினால் என்ன?” என்றாள். கனடாவின் விண்ணப்பப் படிவத்தில் அவ்வளவு எழுத்துக்களுக்கு இடம் இருக்குமா என்று அவளுடைய தாய் பார்த்துச் சொல்வதாக இருக்கிறது. புறநானூற்றுப் பாடலை நான் தொலைபேசியில் வாசித்தேன். பீலி என்றால் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கு வருகிறாள். சந்நிதி வீதி ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள்: கரணவாய்ப் பக்கம் உப்புப் பூக்கும் இடத்தை அவளுக்குக் காட்ட விரும்புகிறேன். அந்த மாதத்தில் அங்கே போனால் கண்ணுக்குத் தெரியுமா, எந்தப் பாதையால் போக வேண்டும் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.

சந்நிதி வீதி எழுதியது:

தாராளமாகத் தெரியும் ஐயா, ஆவணி மாதம் ஏரி நன்றாக வற்றியிருக்கும். கொடியேற்றத்துக்கு முதல் நாள் மாலை கோயில் வாசலுக்கு வாருங்கள். தடுப்பணையிலிருந்து கரையோரமாக நானே கூட்டிச் செல்கிறேன். பிள்ளையைச் செருப்போடு வரச் சொல்லுங்கள். உப்புத் தரை காலை வெட்டும்.